ஸ்லைடு பார்க்கிற லேப்: செவ்வாப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம்

சேலத்தில் ரத்தம் எடுக்கிற இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, புதிய பஸ் நிலையம் என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணாடிக் கதவும் ஏசியும் டோக்கன் பலகையுமாக ஒரு லேப் கண்ணில் படும். நான் எழுதப் போவது அந்த ரகம் இல்லை. செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கடைகளுக்கு நடுவே, செங்குத்தான மாடிப்படி ஏறிப் போகிற இரண்டு அறை லேப். எங்கள் கொலுசுப் பட்டறையும் அதே பகுதிதான். கணக்கு வழக்கு என் பொறுப்பு. தினமும் அந்தப் படியைத் தாண்டித்தான் போவேன், இப்போது சொல்லப் போகிற விஷயம் நடக்கும்வரை ஏறியது மட்டும் கிடையாது.

பேரைப் போடவில்லை. "ஏற்கெனவே காலையில கூட்டம் தாங்கலைமா, பேரை எல்லாம் எழுதிடாதே" என்று லேப் வைத்திருக்கிற அண்ணனே கேட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்தில் 'ஸ்லைடு பார்க்கிற லேப்' என்று விசாரித்தால் கை காட்டுவார்கள்.

முதலில் விலை. சி.பி.சி. என்கிற முழு ரத்த எண்ணிக்கைக்கு 250 ரூபாய். ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி, மைக்ராஸ்கோப் வழியாகக் கண்ணால் பார்க்கிற ஸ்மியருக்கு 150. ஏசி லேபுகளில் பேக்கேஜ் என்று வாங்கினால் கணக்குப் பார்த்தால் இதைவிட மலிவாகக்கூட வரலாம். நான் அங்கே போகச் சொல்வது காசுக்காக இல்லை.

என் மாமியார் ஏற்காட்டில் இருக்கிறார், நாகலூர் பக்கம். கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தோம். அதற்கு முன்னால் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். மேலேயே ஒரு சேகரிப்பு மையத்தில் காலையில் ரத்தம் கொடுத்தார். அந்த ட்யூப் பெட்டியில் உட்கார்ந்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம் தாண்டி, சேலத்தில் ஒரு லேபுக்கு வந்து சேர மத்தியானம் ஆகியிருக்கும். சாயங்காலம் போனில் ரிப்போர்ட் வந்தது. பிளேட்லெட், அதாவது தட்டணு, 38,000. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது. போதாக்குறைக்கு வெள்ளையணு 13,400 என்று மேலே ஏறி நின்றது. அதற்கு மேல் வரம்பு 11,000. இரண்டுமே சிவப்பு எழுத்தில்.

ஆபரேஷன் தள்ளிப் போனது. அப்புறம் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? ஒருவர் டெங்கு என்றார், காய்ச்சலே இல்லாத மனுஷிக்கு. ஒருவர் எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நாத்தனார் பப்பாளி இலையை இடித்துச் சாறு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அத்தை அதையும் முகம் சுளித்துக்கொண்டே குடித்து வைத்தார்.

எங்கள் தெரு டாக்டர் மட்டும் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அத்தையைப் பார்த்தார். ஈறில் ரத்தம் வருகிறதா, மூக்கில் வருகிறதா, சும்மா இடித்துக்கொண்டதற்கே தோல் கன்றிப் போகிறதா என்று கேட்டார். கணுக்காலில் டார்ச் அடித்து, குண்டூசித் தலை அளவுச் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று தேடினார். தட்டணு உண்மையிலேயே இந்த அளவுக்கு இறங்கினால் முதலில் அங்கேதான் காட்டுமாம். ஒன்றும் இல்லை. "அம்மா நல்லா இருக்காங்க. ரிப்போர்ட்டைத்தான் சந்தேகப்படணும்" என்று சொல்லி, இந்த லேபுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டில் 'ஸ்மியர் கட்டாயம்' என்று அடிக்கோடு வேறு.

படி ஏற அத்தையால் முடியவில்லை. சொல்லி அனுப்பியதும் ரத்தம் எடுக்கிற பெண் தட்டோடு கீழே இறங்கி வந்து, வெள்ளிக்கடை பெஞ்சிலேயே உட்கார வைத்து எடுத்தாள். "ஏங்கண்ணு, ஊசி பெருசா?" என்றார் அத்தை. "கொசு கடிக்கிற மாதிரி பாட்டி" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இரண்டு ட்யூப், ஊதா மூடி ஒன்று, வெளிர் நீல மூடி ஒன்று. எடுத்த கையோடு ஒவ்வொன்றையும் குலுக்காமல், மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினாள். எட்டு, பத்து தடவையாவது இருக்கும். ஊதா ட்யூபின் உள்சுவரில் இ.டி.டி.ஏ. என்ற மருந்து தடவியிருக்கும். அது ரத்தத்தோடு நன்றாகக் கலக்காவிட்டால் ட்யூபிலேயே உறைய ஆரம்பித்துவிடும். வேகமாகக் குலுக்கினால் சிவப்பணு உடையும். ஒரு லேப் எப்படி என்று தெரிய வேண்டுமென்றால் இந்த ஒரு நிமிஷத்தைக் கவனித்தால் போதும் என்பது என் கட்சி.

நான் மேலே போய் நின்றேன். மிஷினில் வைத்தார்கள். 61,000 என்று காட்டி, பக்கத்தில் ஏதோ எச்சரிக்கைக் குறியும் போட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு கண்ணாடித் துண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து, இன்னொரு கண்ணாடியைச் சாய்வாகப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். நாக்கு மாதிரி மெலிந்து முடிகிற ஒரு சிவப்புப் படலம். காய வைத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலந்து, மறுபடி காத்திருந்து, கழுவி, நிமிர்த்தி வைத்தார். அந்தச் சாயத்தைக் கண்டுபிடித்தவர் வில்லியம் லீஷ்மன், இந்தியாவில் வேலை பார்த்த ராணுவ டாக்டர். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தியாவில் இன்னும் அந்தச் சாயம்தான் ஓடுகிறது.

"வாம்மா, நீயே பாரு" என்றார்.

ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய், அதில் முங்கிய லென்ஸ், ஆயிரம் மடங்கு பெரிதாக. முதலில் தெரிந்ததெல்லாம் வெளிறிய ரோஜா நிற வட்டங்கள், நடுவில் மட்டும் நிறம் கம்மி. அவைதான் சிவப்பணுக்கள். ஒவ்வொன்றும் 7 மைக்ரான் சுமார், உட்கரு கிடையாது. ஆக்சிஜனை ஏந்துகிற ஹீமோகுளோபினைச் சுமப்பதற்காகவே உட்கருவைக் கழற்றிப் போட்டுவிட்டு மஜ்ஜையிலிருந்து வெளியே வருகிறதாம். ஆயுள் சுமார் 120 நாள். பழசானதை மண்ணீரலும் ஈரலும் உடைத்து, இரும்பை மட்டும் எடுத்து மறுபடி மஜ்ஜைக்கே அனுப்பிவிடும். அண்ணன் ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போனார். ஊதா நிறத்தில் கரு மூன்று நான்கு துண்டாக இருந்த ஒன்று வந்தது: நியூட்ரோஃபில், பாக்டீரியாவை விழுங்குகிற வெள்ளையணு. கரு உருண்டையாக, செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு இன்னொன்று: லிம்போசைட். அதில் ஒரு வகைதான் ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. ஆரஞ்சு நிறக் குருணை நிரம்பிய ஈசினோஃபில் ஒன்றையும் தேடிப் பிடித்துக் காட்டினார். அலர்ஜி, குடல் பூச்சி இருந்தால் இது கூடும்.

படலம் மெலிந்து முடிகிற ஓரத்துக்கு ஸ்லைடைத் தள்ளினார். அங்கே இருந்தது விஷயம். ஊதாப் பொடிகள் இருபது முப்பதாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தீவு தீவாகக் கிடந்தன. "இதுதான் உங்க அத்தையோட பிளேட்லெட். எங்கேயும் போகலை. கூட்டம் கூடி நிக்குது."

மிஷின் எப்படி எண்ணுகிறது என்று அப்போதுதான் விளக்கினார். ரத்தத்தை உப்புக் கரைசலில் பல மடங்கு நீர்க்க வைத்து, மயிரிழை அளவுத் துளை வழியாக இழுக்கிறது. துளையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அணு ஒன்று கடக்கும்போது மின்தடை ஒரு கணம் ஏறி இறங்கும். எத்தனை தடவை ஏறியது என்பது எண்ணிக்கை. எவ்வளவு ஏறியது என்பது அணுவின் பருமன். வாலஸ் கூல்ட்டர் என்ற அமெரிக்கர் 1953-ல் காப்புரிமை வாங்கிய முறை இது. ஆக மிஷினுக்குத் தெரிந்தது பருமன் மட்டும்தான். மிகச் சிறியது என்றால் தட்டணு. முப்பது தட்டணு ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வந்தால், அது தட்டணுக் கணக்கில் சேராது. கட்டி பெரிதாக இருந்தால் வெள்ளையணு என்று எழுதிக்கொள்ளும். பிளேட்லெட் குறைந்ததும் வெள்ளையணு கூடியதும் இரண்டு வியாதி இல்லை, ஒரே குழப்பத்தின் இரண்டு முனை.

ஏன் ஒட்டிக்கொள்கிறது? இ.டி.டி.ஏ. ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது, அதற்காகத்தான் அந்த மருந்தே. ஆனால் கால்சியம் போனதும் தட்டணுவின் மேல்தோலில் மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு அந்தப் பகுதியில் போய் ஒட்டுகிற ஆன்டிபாடி, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலேயே இருக்கும். உடம்புக்குள் அது ஒன்றும் செய்யாது. ட்யூபுக்குள் போனால்தான் வேலையைக் காட்டும். நேரம் ஆக ஆகக் கட்டி பெரிதாகும். ஏற்காட்டில் எடுத்து மத்தியானம் வரை பெட்டியில் இருந்த ரத்தத்தில் 38,000, கீழே சுடச்சுட எண்ணியதில் 61,000 என்று வந்ததன் ரகசியம் இதுதான். மலையிலிருந்து ரத்தம் அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஆளே இறங்கி வந்து கொடுப்பது நல்லது.

இப்போது நீல மூடி. அதில் இருப்பது சிட்ரேட். இதுவும் கால்சியத்தைப் பிடிக்கும், ஆனால் அத்தனை இறுக்கமாக இல்லை. மிஷின் 1,96,000 என்றது. ட்யூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம் இருப்பதால் 1.1-ஆல் பெருக்க வேண்டும். 2,15,000 சொச்சம். வெள்ளையணுவும் ஒழுங்காக 7,800-க்கு இறங்கி உட்கார்ந்தது.

முதல் லேபின் மிஷினும் எச்சரிக்கைக் குறி போட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். யாரும் ஸ்லைடு போட்டுப் பார்க்கவில்லை. எண்ணைச் சிவப்பாக்கி அனுப்பிவிட்டார்கள். 150 ரூபாய் வேலைதான். அதைச் செய்யாததால் ஒரு குடும்பம் மஜ்ஜைப் பரிசோதனைக்கு எங்கே போவது என்று விசாரித்துக்கொண்டிருந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீல ட்யூபில் மிச்சமிருந்ததைச் சுழலும் மிஷினில் போட்டு எடுத்தார்கள். ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பதற்கு பிளாஸ்மா வேண்டும். வெளியே வந்த ட்யூபில் மேல் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெளிந்த மஞ்சள், அடியில் கருஞ்சிவப்பு, இரண்டுக்கும் நடுவே நூல் கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மஞ்சள்தான் பிளாஸ்மா: பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மீதி ஈரல் தயாரிக்கிற அல்புமின், ஆன்டிபாடிகள், உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜன், உப்பு, சர்க்கரை, இன்னும் எத்தனையோ. அந்த நூல் கோட்டுக்குள் அடங்கிவிடுகின்றன வெள்ளையணுவும் தட்டணுவும். இத்தனை நாள் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கோட்டில் பாதி! ட்யூபைக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். "கடலெண்ணெயாட்டம் இருக்குது, இதா என் ரத்தம்?" என்று அத்தை நம்பவே இல்லை.

பிளாஸ்மாவில் கால்சியமும் உறைய வைக்கிற மருந்தும் சேர்த்ததும் 12 வினாடியில் கட்டியாகிவிட்டது. ஃபைப்ரினோஜன் நூல் நூலாக மாறி வலை பின்னுவதால் வருவது. காயம் பட்ட இடத்தில் தட்டணு முதலில் போய் அடைக்கும், அதன் மேல் இந்த வலை விழும். இரண்டும் சரியாக இருந்தால்தான் கத்தி வைக்கலாம். அத்தைக்கு இரண்டும் சரி. ஹீமோகுளோபின் 13.1. அதைப் பார்த்துவிட்டு "மேலே இருக்கிறவங்களா?" என்று அண்ணன் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவதால் சிறுநீரகம் மஜ்ஜைக்குச் சொல்லி அனுப்பி, சிவப்பணுவைக் கொஞ்சம் கூடுதலாகத் தயாரிக்க வைக்கும். அரை கிராம் அளவுக்குத்தான் வித்தியாசம், ஆனாலும் கேட்டாரே.

ரிப்போர்ட் மட்டும் உடனே கிடைக்காது. சாயங்காலம் பெத்தாலஜிஸ்ட் டாக்டர் வந்து ஸ்லைடை அவர் கண்ணாலும் பார்த்த பிறகுதான் கையெழுத்து. அன்றைக்கு அவர் தனியாக ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்: இவருக்கு இ.டி.டி.ஏ. ட்யூபில் தட்டணு கட்டியாகும், சிட்ரேட்டில் எடுத்து எண்ணவும், ஸ்மியர் பார்க்கவும். அதை லேமினேட் செய்து அத்தையின் சுருக்குப் பைக்குள் போட்டுவிட்டோம். முதல் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது கண்ணுக்கு மறுபடி ரத்தம் எடுக்க நர்ஸ் ஊதா மூடியை எடுத்ததும், அத்தை சீட்டை நீட்டி, "நீலத்துல எடு கண்ணு" என்றிருக்கிறார். இனி நாங்கள் கூடப் போக வேண்டியதே இல்லை.

இத்தனை பார்த்த பிறகு நானும் ஒரு சி.பி.சி. கொடுத்தேன். ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். சிவப்பணுவின் சராசரிப் பருமன் 68 என்று வந்தது, 80 முதல் 100 வரை இருக்க வேண்டியது. என் ஸ்லைடில் வட்டங்கள் சின்னதாக, நடுவில் வெளிறல் பெரிதாக, சில வட்டங்கள் வெறும் வளையமாகவே தெரிந்தன. அத்தையின் ஸ்லைடைப் பார்த்த கண்ணுக்கு யாரும் விளக்கவே வேண்டாம். "சாப்பிட்டதும் டீ குடிப்பியாம்மா?" என்று கேட்டார் அண்ணன். பட்டறையில் வேறென்ன செய்வது? சாப்பாட்டிலிருந்து இரும்புச் சத்து ஏறுவதை டீ தடுக்குமாம். ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புச் சோதனைக்கு எழுதினார்கள்; அதை இங்கே செய்வதில்லை, வெளியே அனுப்புகிறார்கள், மறுநாள்தான் வரும். தைராய்டும் அப்படியே. ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். இப்போது 11-ஐத் தாண்டிவிட்டேன், டீ நாலரை மணிக்குத்தான்.

குறையும் இருக்கிறது. படி படு மோசம், கைப்பிடிக் கம்பி ஆடுகிறது. சிறுநீர்ச் சோதனைக்குப் போகிற கழிவறையைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. கார் நிறுத்த இடமே கிடையாது. டூவீலர் என்றாலும் காலை எட்டு மணிக்குள் போனால்தான் உண்டு, அதற்கு மேல் சரக்கு வண்டிகள் வந்து அடைத்துவிடும். ரிப்போர்ட் எழுத்து மங்கலாக அச்சாகிறது, போனுக்கு அனுப்பச் சொன்னால் அந்த மங்கலையே போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். ஞாயிறு லீவு. லேபின் தரத்துக்குக் கொடுக்கிற என்.ஏ.பி.எல். சான்று இல்லை; கேட்டேன், வாங்கவில்லை என்று நேராகச் சொன்னார். தினமும் காலையில் அளவு தெரிந்த கன்ட்ரோல் ரத்தத்தை மிஷினில் ஓட்டிச் சரிபார்த்து நோட்டில் எழுதுகிறார்கள், அந்த நோட்டைக் காட்டினார். இன்ஷூரன்ஸ், வெளிநாட்டு விசா என்று சான்று கட்டாயமான வேலைக்கு இந்த லேப் ஆகாது, பெரிய லேபுக்கே போங்கள். கையில் காசு இல்லையென்றால் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை இருக்கவே இருக்கிறது.

அஞ்சுக்கு நாலு மார்க் போடுகிறேன். கழித்த ஒன்றில் பாதி படிக்கு, பாதி கழிவறைக்கு.

போகிறவர்களுக்கு இன்னொன்று: சி.பி.சி. மட்டும் என்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை சேர்ந்தால்தான் பட்டினி. காலை ஆறரைக்குத் திறக்கிறார்கள். ஸ்மியர் வேண்டும் என்பதை ரத்தம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ரத்தம் புதிதாக இருக்கும்போதே ஸ்லைடு இழுத்துவிடுவார்கள்.